மொண்டெல்லோவில் இருந்த மூன்றாவது பிரதி

இன்று காலை பார்சல் வந்தது, மச்சாள். கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் ஒட்டுநாடாவைப் பல்லால் கிழித்தே திறந்துவிட்டேன். புது ஹார்ட் டிஸ்க். பிளாஸ்டிக்கும் இரும்பும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். இப்படி ஒரு பெட்டி வந்தால் நீ முதலில் முகத்தை உள்ளே விட்டு மணப்பாய். "புதுப் பிள்ளையின்ரை மணமடி" என்பாய். பழைய டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அது படுத்துவிடுவதற்கு முன்னமே மாற்றிவிட வேண்டும் என்பது உன் சட்டம். அந்தச் சட்டத்தை இன்று நான் தனியாக நிறைவேற்றப் போகிறேன். உனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இதை எப்படிச் செருகுவது? கை பரபரக்கிறது, எழுத்துக் கோணுகிறது, பொறுத்துக்கொள்.

மன்னாரில் ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள், நீ என் தம்பியைக் கட்டியதால் மச்சாள்மாரானோம். இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்தும் சீசா என்ற பகுதியில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நீ கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்தாய், நான் அலுவலகங்கள் துடைத்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, சோறு வேகும் நேரத்தில் நீ கேட்டாய்: "ரேடியோவிலை எப்பவும் பெரிய ஆக்கள்தான் கதைக்கினம். எங்கடை கதையை ஆர் கதைக்கிறது?" அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி தொடங்கியது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைக் கூப்பிட்டுக் கதைக்க வைத்தோம். தெருவில் போகும் மோட்டார்சைக்கிள் சத்தம் விழாமலிருக்க, பேசுபவரின் தலைக்கு மேல் போர்வையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். கதை நீளமாக இருக்கும். நீ அதைச் சுருக்கி, எல்லாருடைய ஃபோனுக்கும் அனுப்புவாய். முழுக் கதையும் அந்தப் பழைய லப்டொப்பில் மட்டுமே கிடக்கும்.

ஒருநாள் அந்த லப்டொப் எழும்பவில்லை. நீ அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருத்தும் கடைக்கு ஓடினாய், நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். கடைக்காரத் தாடிக்காரன் திறந்து பார்த்துவிட்டு, இதில் இருப்பவை வேறு எங்கே இருக்கின்றன என்று இத்தாலியனில் கேட்டான். வேறெங்கும் இல்லை என்றாய். அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அந்தமுறை எப்படியோ உயிர் கொடுத்துத் தந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அதை நெஞ்சிலிருந்து இறக்கவில்லை. வாசற்படியில் நின்று சொன்னாய்: "இனி ஒரு இடத்திலை மட்டும் ஒண்டையும் வைக்கிறேல்லை."

அன்று எங்கள் சமையலறை மேசை பாராளுமன்றமானது. தம்பி டிவிடிக்கு வாக்களித்தான். "எங்கடை கலியாண டிவிடி இருக்கே, வருசக்கணக்கா அப்பிடியே கிடக்குது" என்றான். நீ எழும்பிப்போய் அதைத் தேடி எடுத்துப் போட்டாய். கோவிலுக்குள் நீ நடந்து வரும்வரை நன்றாக ஓடியது. பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. பல்கனி அலுமாரியில் வருசா வருசம் வெயிலில் வெந்த டிவிடி வேறென்ன செய்யும்?

"பாருங்கோப்பா, தாலி கட்ட முந்தியே நிண்டிட்டுது. எனக்கு இன்னும் கலியாணம் நடக்கேல்லை!" என்றாய். தம்பி தேத்தண்ணி போட எழும்பினான்.

நான் பென் ட்ரைவ் என்றேன். "உது கொண்டு திரியிறதுக்கு நல்லது. வைச்சிருக்கிறதுக்கு இல்லை. போன கிழமையும் ஒண்டு உன்ரை காற்சட்டையோடை தோய்ஞ்சு வந்தது" என்றாய். கிளவுட்டையும் சோதித்துப் பார்த்தோம். ஒரு நீளமான பதிவை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனோம். திரும்பி வந்தபோதும் எங்கள் வீட்டு இன்டர்நெட் அதை இழுத்துக்கொண்டே இருந்தது. "வாற ஈஸ்டருக்குப் போய்ச் சேரும்" என்றாய். அனுப்பிய சிறிய நிகழ்ச்சிகளை மட்டும் அங்கே வைக்கலாம் என்று முடிவானது. முழுப் பதிவுகளை அங்கே வைக்க உனக்கு மனமில்லை. அதில் பெண்கள் எங்களை மட்டும் நம்பிச் சொன்னவையும் இருந்தன.

கடைசியில் விரல் மடித்துத் தீர்ப்புச் சொன்னாய். லப்டொப்பில் இருப்பது வேலை செய்வதற்கு. ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில். பிரதி எடுத்ததும் கழற்றி மேசை லாச்சியில் வைக்க வேண்டும், ஏனென்றால் லப்டொப்பில் வைரஸ் ஏறினால் செருகிக் கிடப்பதையும் அது தின்றுவிடும். இன்னொரு ஹார்ட் டிஸ்க் வேறு வீட்டில்.

"ஏனடி வேறை வீடு?"

"இந்த வீடு எரிஞ்சால்?"

"வாயைக் கழுவு!"

"வாயைக் கழுவினால் நெருப்பு வராதோ?"

அப்படித்தான் மூன்றாவது பிரதி மொண்டெல்லோவுக்குப் போனது. மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுவந்து புதியவற்றை ஏற்றி, உன் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே திரும்ப வைப்பாய். எல்லாவற்றையும் சாதாரண எம்பி3 ஆகவே சேமித்தாய். எந்த வீட்டு மெஷினிலும் திறக்க வேண்டும் என்பாய். ஏற்றியபின் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றைத் தொட்டு ஓடவிட்டுக் கேட்பாய். "திறந்து பாராத கொப்பி, எழுதாத கொப்பி மாதிரி" என்பாய்.

மெர்சி அக்கா அந்தக் காலத்தில்தான் வந்தா. கலகலப்பான மனுசி. போர்வைக்குள் இருந்துகொண்டு மூச்சு விடாமல் கதைத்தா. முடிவில் குரலைத் தாழ்த்தி, சண்டைக் காலத்தில் பிரிந்துபோன தம்பிக்கு என்று கொஞ்சம் பேசினா. பிறகு உன் கையைப் பிடித்தா. "இந்தத் துண்டைப் போடாதேங்கோ பிள்ளை. அவனைக் கண்டுபிடிச்சால் குடுங்கோ." நீ தலையாட்டினாய். பிறகு சில மாதத்தில் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, பேச்சு மட்டும் திரும்பவே இல்லை.

அக்காவின் தம்பியோ கிடைத்தார்! அக்காவின் மற்றக் கதையோடு அனுப்பிய நிகழ்ச்சி ஃபோனுக்கு ஃபோன் தாவி நோர்வேவரை போய், அவர் காதிலேயே விழுந்திருந்தது. ஓகஸ்டில் வருகிறார் என்று செய்தி வந்தபோது நீ கரண்டியோடு சமையலறையில் ஆடினாய். ஞாயிறு பூசைக்குப்பின் கோவில் மண்டபத்தில் அக்கா பேசிய அந்தத் துண்டை அவருக்குப் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

அதற்கு முதல்நாள், சனிக்கிழமை மத்தியானம், மேல்வீட்டுத் தண்ணிக் குழாய் வெடித்தது. நாங்கள் கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது எங்கள் கூரைப் பூச்சில் பாதி மேசைமேல் கிடந்தது. லப்டொப் சேற்றுக்குள். ஹார்ட் டிஸ்க் இருந்த லாச்சியை இழுத்தேன். கிண்ணம் போல நிறையத் தண்ணி. மெர்சி அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் முதலில் நினைத்தேன்.

நீ என்ன செய்தாய் தெரியுமா? மிதியடியில் காலைத் துடைத்தாய். "வா, மொண்டெல்லோவுக்குப் போவம்" என்றாய்.

ஓகஸ்ட் சனிக்கிழமையில் மொண்டெல்லோ பஸ். குடையும் காற்றடித்த முதலையுமாகப் பாதிப் பலேர்மோ அதற்குள் இருந்தது. யாரோ ஒருவரின் குளிக்கும் துவாய் என் தோளில் கிடந்தது. உலகமே குளிக்கப் போகிறது, நாங்கள் இருவரும் மட்டும் ஒரு குரலை எடுக்கப் போகிறோம். "அது வேலை செய்யாட்டி?" என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். "போன மாசம் திறந்து கேட்டனான்" என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். ஆனால் கம்பியைப் பிடித்திருந்த உன் விரல்கள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன்.

சிஞ்ஞோரா எங்களைக் கண்டு பதறிப்போனா. நடந்ததைச் சொன்னதும் பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்து, தன் நகைப்பெட்டி போல இரண்டு கையாலும் தந்தா. உள்ளே ஒரு துணிக்குள் டிஸ்க். அந்த வீட்டில் கம்பியூட்டர் இல்லை. நீ சுற்றிப் பார்த்தாய், நேரே தொலைக்காட்சிக்குப் பின்னால் போனாய். தூசிக்குள் கையை விட்டுத் துளையைத் தேடிச் செருகினாய். திரை கறுப்பாக நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் மாதாவைக் கூப்பிடத் தொடங்கிவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகப் பெயர்கள் வந்தன. நீ ரிமோட்டை அழுத்தினாய்.

"சத்தம் விழுகுதோ பிள்ளை? நான் கதைக்கட்டோ?"

மெர்சி அக்கா! அந்த வரவேற்பறை முழுக்க அக்காவின் குரல், கணீரென்று. நீ என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாய். நான் உன்னைவிடப் பெரிதாகக் கத்தினேன். ஒரு சொல்லும் விளங்காத சிஞ்ஞோரா கைதட்டி "பிராவா! பிராவா!" என்றா. யாரைச் சொன்னாவோ தெரியாது, நாங்கள் மூவரும் அதைப் பங்குபோட்டுக்கொண்டோம்.

மறுநாள் மண்டபத்தில் மெர்சி அக்காவும் அவவின் தம்பியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். அந்த மனுசனுக்கு முடி நரைத்திருந்தது. எல்லாரும் கைக்குட்டையோடு இருந்தோம், அழுவதற்கென்றே. அக்காவின் குரல் வந்தது: "தம்பி, ஐயாவின்ரை சைக்கிளை உடைச்சது நீதான். நான்தான் உடைச்சனெண்டு சொல்லி அடி வாங்கினன். எங்கை இருந்தாலும் ஒரு நன்றி சொல்லடா, கழுதை."

அவர் எழுந்து நின்றார். நரைத்த தலையைக் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலச் சொன்னார்: "நன்றி, அக்கா." முதலில் சிரித்தது மெர்சி அக்காதான். பேச்சில்லாத வாயிலிருந்து அவ்வளவு பெரிய சிரிப்பு. அதற்குப்பிறகு மண்டபத்தைப் பிடிக்க முடியவில்லை. கொண்டுவந்த கைக்குட்டைகளும் வீணாகவில்லை.

போன மாரிக் குளிரில் நீ போய்விட்டாய், மச்சாள். நோய் உன்னை வேகமாகக் கொண்டுபோனது. கடைசிக் கிழமையில்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, "இந்த மாசம் மொண்டெல்லோவுக்குக் கொண்டுபோனியோ?" என்று கேட்டாய். ஓம் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் அடக்கத்துக்குப்பின் இரண்டு மாதம் நான் எதையும் திறக்கவில்லை. பயம். பிறகு சிஞ்ஞோராவே ஃபோன் எடுத்து, பிஸ்கட் டின் காத்திருக்கிறது என்றா. போனேன். அதே தொலைக்காட்சியில் போட்டுக் கேட்டேன். நீ தும்மினாய், தம்பியைத் திட்டினாய், கதைப்பவரை இடையிலேயே மறித்துச் சிரித்தாய். நான் சிஞ்ஞோராவின் பிஸ்கட்டை எல்லாம் தின்று தீர்த்தேன்.

நிகழ்ச்சியை இப்போது நான் நடத்துகிறேன். போர்வையைத் தம்பி பிடிக்கிறான், அவனுக்குக் கை உளைகிறதாம். உன் அளவுக்கு எனக்குச் சுருக்க வராது. ஆனால் உன்னிடமிருந்து ஒன்றை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்டேன். நீ ஒருவரிடமும் பேட்டி கேட்டதில்லை. ஆள் தன்பாட்டில் ஏதோ சொல்லத் தொடங்கும்போது, கண்ணை அகலத் திறந்து, "பிறகு?" என்பாய். அவ்வளவுதான்.

போன கிழமை கபோ சந்தையில் மீன் வாங்க நின்றேன். முன்னால் ஒரு இளம்பெண், கையில் பிள்ளை. இத்தாலியனும் தமிழுமாக யாரிடமோ ஃபோனில், தான் வேலை செய்யும் வீட்டு நாய் தமிழுக்கு மட்டும்தான் அடங்குகிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஃபோனை வைத்ததும் என்னைத் தமிழ் ஆள் என்று கண்டு வெட்கப்பட்டாள்.

"பிறகு?" என்றேன்.

"என்னக்கா?"

"அந்த நாய். பிறகு?"

அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். சொல்லத் தொடங்கினாள். மீன்காரன் அவளைப் பார்த்து, உன் முறை என்று கத்தினான். இன்னொருமுறையும் கத்தினான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.