ஒன்பதாவது பெயர்

நண்பரே,

செந்நூல் பின்னிய துண்டை விரித்தேன்; காய்ந்த திருநீற்றுப்பச்சைக் காம்பொன்று மேசையில் உதிர்ந்தது. விரலிடை நசுக்கினேன். உம் வீட்டு மணம். துண்டின் நடுவே ஓர் ஒலிநாடா. அதன் முதுகில் ஒட்டிய தாளில் என் கையெழுத்து.

உம் மகள் கொணர்ந்தாள். கோடை விடுமுறைக்கு உம் ஊர் சென்றவள், உம் வீட்டுப் பேழையில் இதைக் கண்டாளாம். "வரும் ஞாயிறு அப்பாவின் ஏழாம் ஆண்டுப் படையல். எங்கள் வழக்கில் அதுவே கடைசிப் படையல். இந்த நாடாவில் நீங்கள் எங்கள் ஊரைப் புகழ்ந்ததாக அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். என்ன சொன்னீர்கள் என்று டேனிய மொழியில் எழுதித் தாருங்கள். இங்கே எங்கள் உறவினர் கூடும் மேசையில் படிக்க வேண்டும்" என்றாள்.

புகழ்ந்ததாக! அந்தச் சொல்லை உம் கையில் கொடுத்தவன் நான்தான்.

டேனியத் தலைநகரின் புறநகரான ஹ்விடோவ்ரேயில், மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கும் ஆலையில் நாம் எதிரெதிர் நின்றோம். ஈர விரிப்பின் இரு முனைகளை இருவர் பற்றி, இழுத்து நேராக்கி, ஒரே நொடியில் சுடும் உருளைக்குள் ஊட்ட வேண்டும். ஒருவர் கை பிந்தினால் விரிப்புக் கோணும். நீர் இடமுனை, நான் வலமுனை. நம் இருவருக்கும் பொதுவாக இருந்தவை உடைந்த சில டேனியச் சொற்கள் மட்டுமே. அவற்றைக் கொண்டே நீர் எனக்கு ஓர் ஊரைக் கட்டிக் காட்டினீர்.

தன்யூபு ஆறு வளையும் மூலையில், மூன்று நாட்டு எல்லைகள் நெருங்கும் இடத்தில் உம் ஊர். ஆற்றுக்கு அப்பால் உருமேனியா. உம் ஊரோ அந்நாள் யூகோசுலாவியாவில். வீட்டில் உருமேனிய மொழி. பள்ளியிலும் கோயிலிலும் செர்பிய மொழி. தாய்மொழியை நீர் எழுதக் கற்றதே இல்லை. உம் பாட்டனாரின் பெயருக்கு ஈற்றில் அரசு அலுவலர் ஒட்டிய செர்பிய வாலே உம் கடவுச்சீட்டிலும் இருந்தது. "தாளில் இருப்பது அவர்கள் பெயர். ஊரில் எங்களுக்கு வீட்டுப்பெயர் உண்டு. அது எந்தத் தாளிலும் இல்லை" என்றீர். அந்தப் பெயரை ஒருமுறை எனக்குச் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தீர்.

"எம் ஊர் சிறிது, ஆனால் பெரியவர்கள் எட்டுப் பேர்" என்பீர். எட்டுப் பேரையும் வரிசை பிசகாமல் சொல்வீர். முதலாமவர் பிடில் வல்லவர். குதிரை விற்க வந்தவன் அவர் வாசிப்பைக் கேட்டுக் குதிரையை அவரிடமே விட்டுப் போனானாம். மூன்றாமவர், பனிக்கட்டியாய் உறைந்த ஆற்றை நடந்தே கடந்து இருகரைப் பிள்ளைகளையும் ஏந்திய மருத்துவச்சி. ஆறாமவள் தலைநகர் வானொலியில் பாடிய பெண். தன் ஊர்ப்பாட்டை மட்டும் அவள் அங்கே பாடியதே இல்லை. எட்டாமவர் படைத்தலைவர். ஆண்டுதோறும் உம் தாய்க்குப் படையல் வைக்கும் நாளில், மேசைக் கடைசியில் இந்த எண்மருக்கும் தனி மெழுகுதிரி ஏற்றுவீர். "இந்த நாட்டில் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டீர்.

அந்த மேசையில் நானும் அமர்ந்திருக்கிறேன். அப்பத்தைப் பிட்டு, நீரை ஊற்றி, இன்னாருக்கு என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் அது அவரைச் சேரும் என்றீர். "உணவு மட்டுமா?" என்றேன். "பாட்டும் சேரும். ஆட்டமும் சேரும். பெயர் சொல்லிக் கொடுத்தது எதுவும் சேரும்."

அந்நாள்களில் என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களை அழைக்க நான் இட்ட விண்ணப்பம் தலைநகரில் அசைவற்றுக் கிடந்தது. என்னுடையது மட்டுமா? எம்மவர் நூற்றுக்கணக்கானோரின் கோப்புகள் அவ்வாறே கிடந்தன. அவை வேண்டுமென்றே முடக்கப்பட்டவை என்பது பின்னர் வெளியாகி, அரசே கவிழ்ந்ததை நாடறியும். அன்று நாம் அறிந்தது காத்திருப்பு ஒன்றே. காலைதோறும் விரிப்பைப் பற்றும்முன் நீர் ஒரே சொல் கேட்பீர்.

"கடிதம்?"

"இல்லை."

"நாளை" என்று சொல்லி முனையை இழுப்பீர். ஈராண்டுக்கு மேலாக ஒரு நாளேனும் கேட்க மறந்தீரல்லீர்.

எம்மவர் கூட்டம் கூட்டினர். பேச்சாளன் நான். உம் பழைய மகிழுந்தில் என்னை ஏற்றிச் சென்றீர். என் மேலங்கியைக் கையில் தாங்கிக் கடைசி வரிசையில் நின்றீர். அவை நிறைந்திருந்தது. பிரிந்த குடும்பங்களின் துயரைச் சொன்னேன். அவை அழுதது, அழுகை எனக்குப் போதவில்லை. அதற்குச் சினமூட்ட ஓர் எடுத்துக்காட்டைத் தேடினேன். தூய தமிழே உயிரென்று வளர்க்கப்பட்டவன் நான். கலந்த மொழியைக் கண்டால் கண்டிக்கக் கையுயர்த்தும் பழக்கம் எனக்கு. தேடிய நாவில் உம் ஊர் வந்து நின்றது.

நான் சொன்னதை முதன்முறையாக உமக்குச் சொல்கிறேன்.

"தன்யூபு ஆற்றங்கரையில் ஓர் ஊர் உண்டு" என்று தொடங்கி உம் ஊர்ப்பெயரைச் சொன்னேன். "அவ்வூருக்குத் தன் மொழியில் ஒரு பள்ளியில்லை; ஒரு நூலில்லை; கேட்கும் நெஞ்சுரமும் இல்லை. அவ்வூரின் பெருமக்கள் யார் தெரியுமா? தம் பெயரின் வாலை அறுத்தெறிந்து, அயலான் வாலை ஒட்டிக்கொண்டவர்கள். வாலறுந்த பல்லிகள்! கேளுங்கள் தமிழரே, நாம் அவ்வூர் ஆவோமா?" என்று மீண்டும் உம் ஊர்ப்பெயரை முழங்கினேன்.

பல்லி என்றதும் அவை சிரித்தது. பின் "ஆகோம், ஆகோம்" என்று கூரை அதிர்ந்தது. கைதட்டல் ஓய்ந்த பின்னும் ஒரு சோடிக் கைகள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன. அவை உம்முடையவை.

வாயிலில் ஓர் இளைஞர் என் தோளைப் பற்றினார். "அண்ணை, அந்தப் பல்லிக் கதை சோக்கு! அது சரி, கடைசியிலை நிண்டு கைதட்டின வெள்ளைக்காரன் ஆர்?"

"கூட வேலை செய்யிறவர்" என்றேன். நண்பர் என்று சொல்ல நா எழவில்லை.

மகிழுந்தில் நீர் என் கையைப் பற்றிக்கொண்டீர். "எம் ஊரின் பெயரை இருமுறை சொன்னீர்! இத்தனை பேர் முன்னால்! என்ன சொன்னீர்?"

"புகழ்ந்தேன்."

"ஏன் சிரித்தார்கள்?"

"பிடில்காரரையும் குதிரையையும் பற்றிச் சொன்னேன்."

நீரும் சிரித்தீர். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினீர். கூட்டத்தில் பேச்சைப் பதிந்த ஒலிநாடாவில் ஒரு படி கேட்டீர். மறுக்க ஒரு பொய்யும் கைவசம் வரவில்லை. படியெடுத்து, அதன் முதுகுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கோடை முழுதும் நீர் ஊரில். திரும்பி வந்த முதல் காலை, விரிப்பைப் பற்றியபடி சொன்னீர். உம் வீட்டு முற்றத்தில் ஊரே கூடிற்றாம். நாடாவை ஓட்டினீராம். ஒரு சொல்லும் விளங்காமல், ஊர்ப்பெயர் வருமிடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்களாம். முதியவள் ஒருத்தி, "கோயில் மணி போன்ற குரல்" என்றாளாம்.

"படையல் மேசையில் ஓட்டினேன்" என்றீர். "எண்மருக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தேன். அவர்களைச் சேர்ந்துவிட்டது. ஊரார் உம் பெயரையும் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். எம் ஊருக்குப் பெயர் தந்தவர் ஒன்பது பேர் இப்போது."

என் கை பிந்தியது. விரிப்புக் கோணி உருளைக்குள் சென்று கருகிய மடிப்பாய் வெளிவந்தது. "தூக்கமில்லையா?" என்று கேட்டு, மேற்பார்வையாளர் வருமுன் அதைச் சுருட்டிக் கழிவுக்கூடையின் அடியில் ஒளித்தீர். என் பிழைகளில் நீர் ஒளித்தது அது ஒன்றைத்தான்; மற்றதை நீர் அறியவே இல்லை.

இறந்தோரின் மேசையில், அவர்கள் பெயராலேயே, அவர்களைப் பல்லிகள் என்ற பேச்சைப் படைக்கச் செய்தவன் நான். பெயர் சொல்லிக் கொடுத்தது சேரும் என்றால், அது அந்த மருத்துவச்சியைச் சேர்ந்தது. பாட்டை விழுங்கிய அந்தப் பெண்ணையும் சேர்ந்தது.

கடிதம் வந்தது. என் மனைவியும் மகளும் இறங்கிய நாளில் வானூர்தி நிலையத்துக்கு உம் மகிழுந்தே வந்தது. என் மகள் கையில் திருநீற்றுப்பச்சைக் கொத்தொன்றைக் கொடுத்தீர். வந்த சில கிழமைகளில் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் சமைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"ஆயிரம் சனத்துக்கு முன்னாலை வாய் திறக்கிறீங்கள். ஒரு மனுசனுக்கு முன்னாலை ஏலாதோ?"

"சொன்னால் உடைஞ்சு போவார்."

"அவர் உடைவார் எண்டோ பயம்? உங்கடை பேர் உடையும் எண்டு பயம்."

நாளை சொல்வேன் என்றேன். உமது "நாளை" எனக்கு வந்து சேர்ந்தது. எனது "நாளை" உமக்கு வரவேயில்லை. நோய்ப்படுக்கையில்கூடத் தாதியிடம் என்னைக் காட்டி, "இவர் எம் ஊர்ப் பெரியவர்" என்றீர். நான் தலைகுனிந்தேன். அடக்கம் என்று எண்ணிக்கொண்டீர்.

இன்று என் மகள் தன் பிள்ளையைக் கடிந்துகொள்வது டேனிய மொழியில். அலுவலகத்தார் நாவுக்கு எளிதாகட்டும் என்று, நான் தேர்ந்து வைத்த தூய தமிழ்ப் பெயரைப் பாதியாக நறுக்கிக்கொண்டாள். அவளை எவனேனும் மேடையில் பல்லி என்றால் நான் பொறுப்பேனா? பெயரை நறுக்கும் கைக்குப் பின்னால் எத்தனை நெருக்கடி உண்டென்று நீர் விரிப்பின் மறுமுனையிலிருந்து சொல்லித்தான் இருந்தீர். நான் செவியால் மட்டுமே கேட்டேன். மேடைக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

உம் மகளுக்கு ஒரு சொல்லும் விடாமல் பெயர்த்தெழுதிக் கொடுத்தேன். பல்லியையும் விடவில்லை. நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள்.

"இதை மேசையில் படிக்க முடியாது" என்றாள்.

"முடியாது."

"அப்பா இதை ஊருக்கே போட்டுக் காட்டினார்."

"ஆம்."

தாளை மடித்தாள். நாடாவை என் பக்கமே தள்ளிவைத்தாள். வெளியே போகிறாள் என்றே எண்ணினேன். கதவருகே நின்று, திரும்பாமலே சொன்னாள்: "என்னிடம் சொல்லி என்ன? ஞாயிறு வாருங்கள். அவரிடம் சொல்லுங்கள்."

வருவேன். இம்மடலைத் தமிழில் எழுதியது என் நெஞ்சைத் திரட்டிக்கொள்ளவே. அங்கே தமிழில் பேச மாட்டேன். உம்மவர் மீண்டும் ஒரு முழக்கத்தைக் கேட்டு எழுந்து நிற்கக் கூடாது. நாம் விரிப்புக்கிடையே பேசிய அதே உடைந்த டேனிய மொழியில், சொல் தடுக்கி, குரல் உயர்த்தாமல், எல்லார்க்கும் விளங்கச் சொல்வேன். உம் பெயர் சொல்லிக் கொடுப்பேன். சேரட்டும்.

எட்டுப் பெயர்களும் இன்றும் என் நெஞ்சில் வரிசை பிசகாமல் உள்ளன. எண்மருக்கும் மெழுகுதிரி ஏற்ற உம் மகளிடம் ஒப்புதல் கேட்பேன். ஒன்பதாவதாக என் பெயரைச் சொல்ல எவரேனும் வாய் திறந்தால் தடுப்பேன். அவ்விடத்தில் உமது பெயரைச் சொல்வேன். கடவுச்சீட்டில் இருந்ததை அல்ல, எந்தத் தாளிலும் இல்லாத அந்த வீட்டுப்பெயரை.