முட்டி அளவுத் தண்ணீர்

மே 26, திங்கள்

கத்திரி வெயில். கொள்ளிடத்தில் மணல் மட்டும், நடுவில் நாலு எருமை. இந்த லட்சணத்தில் வெள்ளம் எதுவரை வரும் என்று படம் போடுகிறோம். சர்வேயர் மாரிமுத்து குடைக்குள்ளிருந்து: "மேடம், முழுகப் போற இடத்தக் குறிக்கச் சொல்றாங்க, நமக்குக் குடிக்கத் தண்ணியில்ல."

புது விதிமுறையை இரண்டாம் முறை படித்தேன். இதுவரை வந்த வெள்ளம் மட்டும் போதாதாம், இனி வரக்கூடியதையும் சேர்க்க வேண்டும். உயரமெல்லாம் கரையில் நட்ட மட்டக்கல்லிலிருந்துதான் அளக்க வேண்டும். வெள்ளக் கோட்டுக்கு உள்ளே புது வீடு கூடாது.

நாளைக்கு: தொப்பி, எலுமிச்சை, லெவல் கருவிக்கு சார்ஜ்.

செந்தில் போன். சிங்கப்பூரிலிருந்து வந்து இரண்டு மாதம், இன்னும் அந்த ஊர் நேரத்துக்குத்தான் பசிக்கிறது தம்பிக்கு. ஜூன் 4 வாஸ்து நாள். ஆற்றோர மனையில் கடைக்கால் பூஜை. "மொதச் செங்கல் நீதான் வைக்கணும்க்கா. புடவ கட்டிட்டு வா, ஆபீஸ் ஷூவோட வந்து நிக்காத."

மே 28, புதன்

எங்கள் ஊரிலேயே அளவு. ராசாத்தி அக்கா வீடு, தெருவின் கடைசி. செந்திலின் மனைக்கு நேர் எதிரே. நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டேன். மாரிமுத்துவும். அக்காவுக்குச் சிரிப்பு.

"குனிஞ்சு வாங்க. கலெக்டரே வந்தாலும் என் வீட்டுல குனிஞ்சுதான் வரணும்."

தண்ணீர் எவ்வளவு வரும் என்று கேட்டேன்.

"எப்பவும் முட்டி அளவுதான். மூணு வெள்ளம் பாத்துட்டேன், மூணும் முட்டிதான்."

வாசல் ஏன் இவ்வளவு குள்ளம்?

"வாசலு குள்ளமில்ல தாயி, தரைதான் ஏறிடுச்சு. ரோட்டு மேலயே ரோடு போடுறான். நாங்களும் ரெண்டு தடவ மண்ணக் கொட்டி ஏத்திட்டோம். ஒருக்கா முக்கா அடி, ஒருக்கா ஒரு அடி."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. முதல் முட்டி பழைய தரையிலிருந்து. கடைசி முட்டி இந்தத் தரையிலிருந்து. பழைய தரையில் நின்றிருந்தால் அது இடுப்புக்கு மேல்.

மோர் நன்றாக இருந்தது. இஞ்சி தூக்கல்.

மே 30, வெள்ளி

பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு வருடம் முந்தையது. "முட்டி அளவு. முட்டி அளவு. முட்டி அளவு." என் கையெழுத்து. அழகாக வேறு எழுதியிருக்கிறேன். எங்கிருந்து அளந்த முட்டி என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தெருவில் பிறந்தவள்தான் நானும். வீடு தவறாமல் தரை ஏற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவள்.

அதை நம்பித்தான் பழைய கோடு. அந்தக் கோட்டை நம்பித்தான் செந்தில் மனை வாங்கினான்.

மாலை புதுக் கோடு வந்தது. மனை முழுதும் உள்ளே. திரையில் அதை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் போதும், வெளியே வந்துவிடும். மவுஸில் கை. அரை நிமிடம் இருக்கும். எடுத்துவிட்டேன்.

ஞாயிறன்று சொல்ல வேண்டும். எப்படி?

ஜூன் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சாப்பிட்ட பிறகு சொல்லியிருக்கலாம்.

"நீதானக்கா சொன்ன, அங்க தண்ணி வராதுன்னு."

"தப்பா சொல்லிட்டேன்டா."

"பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு. இப்ப வந்து தப்புங்கற."

அப்பா எனக்கு எழுதிவைத்த களத்து மேட்டைச் சொன்னேன். அறுவடை மிஷின் வந்த பிறகு சும்மாதான் கிடக்கிறது. ஊரிலேயே அதுதான் மேடு. அங்கே கட்டு, நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"ஒன் எடத்துல நான் கட்டணுமா?" எழுந்து போய்விட்டான். இலையில் பாதிச் சோறு. அவனுக்குப் பிடிக்குமே என்று நான் செய்து கொண்டுபோன வாழைப்பூ வடை அப்படியே.

செந்தில் மனைவி கவிதா வாசல்வரை வந்தாள். "அண்ணி, ஒங்க தம்பி ஒங்கமேல கோவப்படல. பதினோரு வருஷமா போன்லயே அந்த வீட்டக் கட்டிக்கிட்டிருந்தாரு. அதான்."

பஸ்ஸில் கண்ணைத் துடைத்தேன். பக்கத்துப் பெண்மணி ஜன்னலை மூடினார், தூசி என்று நினைத்து.

ஜூன் 3, செவ்வாய்

அவனிடமிருந்து போன் இல்லை. மழை மேகம், மழை இல்லை. படத்தில் கையெழுத்திட்டு அனுப்பியாயிற்று. விளக்கக் குறிப்பில் பழைய அளவின் பிழை என்னுடையது என்றும் எழுதினேன்.

மதியம் கவிதா போன். காலையில் செந்தில் அளக்கிற டேப்போடு ராசாத்தி அக்கா வீட்டுக்குப் போனானாம். நிலையில் இடித்து நெற்றியில் புடைப்பு. தரை மூலையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கக் கேட்டானாம். "ஒங்க குடும்பத்துக்கே வேற வேலை இல்லியா" என்று திட்டிக்கொண்டே கடப்பாரை எடுத்துக் கொடுத்தாராம் அக்கா. பிறகு எதிரே தன் மனையில் போய் ரொம்ப நேரம் நின்றானாம். கையை நெஞ்சில் வைத்து, ஒரு கணக்குப் போடுகிறவன் மாதிரி.

அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

விடுப்பு எடுத்திருந்தேன். புடவை மடித்து வைத்தபடி. போகவா, வேண்டாமா. ஏழரைக்கு போன்.

"எங்கக்கா இருக்க? எல்லாரும் ஒன் களத்து மேட்டுல நிக்கிறோம். அய்யரு நேரமாச்சுங்கறாரு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு புடவையைப் பிரித்தேன்.

"மேஸ்திரி பேஸ்மட்டம் எவ்ளோ ஒசரம்னு கேக்குறாரு. அந்தக் கல்லுலேர்ந்து கணக்குப் பண்ணி சொல்லு. முட்டி, இடுப்புன்னு மட்டும் சொல்லிடாத."

ஷூவைத்தான் மாட்டினேன். புடவைக்குக் கீழே தெரிகிறது. தெரியட்டும்.