ஸ்டேஷனில் நான் நடத்திய பாடம்

12-6-1972, திங்கள்

முறுக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சாலா ஓடிவந்தாள். "ஆச்சி, உங்க பேரனைப் போலீசு கன்னத்துல அடிச்சு இழுத்துட்டுப் போறாக!" உலக்கையைப் போட்டேன். என் கால்விரல் மேலேயே போட்டேன். நொண்டிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போனேன்.

வைரவன் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது ஆம்பிளை. சிறு வயதிலிருந்தே பேச்சு குறைவு, தொட்டால் ஆகாது.

அடித்தவன் ஏட்டு மலையாண்டி. "பூட்டிக்கிடக்குற வீட்டுப் பூட்டையெல்லாம் இழுத்துப் பாத்துக்கிட்டு வாரான். யாருடான்னு கேட்டா வாயைத் தெறக்கல. மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறான். தோளைத் தொட்டா ஓடுறான். களவாணி இல்லாம எவன் ஓடுவான்?"

"நாந்தேன் இழுத்துப் பாக்கச் சொன்னேன்" என்றேன். யாரும் நம்பவில்லை.

புது சப்-இன்ஸ்பெக்டர் விட்டுவிட்டார். ஆனால் இன்னொரு தரம் பிடிபட்டால் மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவாராம்.

13-6-1972

நான் சொன்னது நிஜம்தான். மலாயாவுக்குப் போன பங்காளிகள் இந்தத் தெருவில் ஏழு வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வலி என்று வைரவனை அனுப்பினேன். "ஒவ்வொரு பூட்டையும் மூணு தரம் இழுத்துப் பாத்துட்டு வாடா." அந்த ஒரு நாளைக்குத்தான் சொன்னேன். போதும் என்று சொல்ல மறந்துபோனேன். அன்றிலிருந்து காய்ச்சலானாலும் தீபாவளியானாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏழு பூட்டு, மூன்று தரம்.

எவள் வீட்டுக் கல்யாணத்தில் என் இலைக்குப் பாயசம் வராமல் போனது என்பது நாற்பது வருஷமாக நினைவிருக்கிறது. இது மறந்துபோச்சாம். பெரிய ஞாபகக்காரி!

இன்றைக்குக் கதவைச் சாத்தி வைத்தேன். ஐந்து மணிக்குச் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான். திறந்துவிட்டுப் பின்னாலேயே நொண்டினேன்.

15-6-1972

சப்-இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சத்தம் போட்டேன். சின்னப் பையன்தான், பொறுமையாகக் கேட்டார். "அவர்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு எங்க ஆளுகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்க ஆச்சி. சனிக்கிழமை காலையில அவரையும் கூட்டிட்டு வாங்க. சரிப்பட்டு வந்தா நான் எங்கேயும் எழுதல."

சரி என்று வந்துவிட்டேன். என் வாய் இருக்கிறதே!

16-6-1972

மூணாம் வகுப்பு பாதியில் நின்றவள், நாளைக்கு எட்டுப் போலீசுக்கு வாத்தியார். அடுப்படியில் ஜாடிகளை வரிசையாக வைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

ஒன்று, தொடாதே. இரண்டு, கத்தாதே, விசில் ஊதாதே. மூன்று, மூஞ்சியைப் பார் என்று சொல்லாதே. நான்கு, காத்திரு.

ஊறுகாய் ஜாடி நன்றாகவே கேட்டுக்கொண்டது.

17-6-1972, சனி

எப்படி எழுதுவேன்.

மரியாதையாக இருக்கட்டும் என்று வைரவனுக்குக் கஞ்சி போட்ட புதுச் சட்டையை மாட்டிக் கூட்டிப் போனேன். அது கழுத்தில் உரசும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நான்கையும் ஒப்பித்து முடித்தேன். வைரவன் சட்டையைப் பிய்க்கத் தொடங்கினான். ஒருத்தன் சிரித்தான். எனக்கு மானம் போச்சு. பாய்ந்துபோய் என் பேரன் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். "ஐயா மூஞ்சியப் பாத்து வணக்கம் சொல்லுடா! சொல்லுடான்னா!"

தொட்டேன், கத்தினேன், மூஞ்சியைப் பார்க்கச் சொன்னேன், காத்திருக்கவில்லை. நான்கும் ஒரே மூச்சில் ஆச்சு. வைரவன் மேஜைக்கு அடியில் போய்விட்டான். சப்-இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

அப்போது அந்த மலையாண்டி மற்றவர்களை வெளியே போகச் சொன்னான். "ஆச்சி, நீங்களும் கொஞ்சம் அங்குட்டுப் போறீகளா?" என்னை! வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். லாக்கப் பூட்டைக் கழற்றி வந்து, மேஜைக்கு நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தான். அவனைப் பார்க்கவே இல்லை. பூட்டை ஒரு தரம் இழுத்தான். இரண்டு தரம் இழுத்தான். நிறுத்திவிட்டான். வெகுநேரம் சும்மா இருந்தான்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. மூன்றாவது தரம் இழுத்தது.

18-6-1972

மலையாண்டியை மன்னிக்கவில்லை. அடித்த கை அடித்த கைதான்.

3-7-1972

ஐந்து மணிக்கு அந்த ஏட்டு எங்கள் தெருவுக்கு வருகிறான். எதிர்ச்சாரியில் ஒன்றும் பேசாமல் கூடவே நடக்கிறான். ஐந்தாவது வீட்டுப் பூட்டு இற்றுப்போயிருக்கிறது என்று வந்து சொல்லிவிட்டும் போனான். மோர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. சாலா கொடுத்தாள். எங்கள் வீட்டு மோர்.

14-9-1972, வியாழன்

மலையாண்டிக்குச் சாக்கோட்டைக்கு மாற்றல். புதிதாக வந்த ஏட்டை வீட்டுக்கே கூட்டிவந்தார். நான் சொன்ன நான்கையும் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னார். நானே இரண்டை மறந்திருந்தேன். பிறகு, "அஞ்சாவதா ஒண்ணு இருக்குண்ணே. கேள்வி கேக்காதீக, அடைச்சுப் போயிருவான். தப்பா ஒண்ணைச் சொல்லுங்க. பொறுக்க மாட்டான், திருத்திருவான்."

அஞ்சாவதா? நான் சொல்லவே இல்லையே! இருபத்திரண்டு வருஷம் வளர்த்தவளுக்குத் தெரியாதது மூன்று மாசம் எதிர்ச்சாரியில் நடந்தவருக்குத் தெரிகிறதா? வயிறு எரிந்தது. இருந்தும் இரண்டு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன்.

வைரவன் சாப்பிட உட்கார்ந்தான். சோதித்துப் பார்ப்போமே என்று, "இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

"வியாழன்."

"கத்திரிக்காக் குழம்பு வச்சிருக்கேன்."

"முருங்கைக்கா."

"உங்கப்பன் மெட்ராசுல இருக்கான்."

"பினாங்கு."

கரண்டியைக் கீழே வைத்தேன். "அன்னைக்கு அடி வாங்க வச்சதுக்கு, அப்பத்தா மேல ஒனக்குக் கோவம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே, "இல்ல" என்றான்.

குழம்பு ஆறுகிறவரைக்கும் பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன்.