பானைக்குள் விழுந்த கண்ணாடி

தென்காசி
6-7-1979

அன்பு மகன் சுந்தரபாண்டியனுக்கு, சாரலில் ஈரம் காயாத வேட்டியோடு உட்கார்ந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மெட்ராஸ் வெயிலில் டியூட்டி பார்க்கும் உனக்குக் குற்றாலநாதர் துணை.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று என் மூக்குக்கண்ணாடி அடுத்தவர் பானைக்குள் விழுந்துவிட்டது. கழுவியாயிற்று, ஆனாலும் ஒரு பக்கம் மங்கல். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து நல்ல கண்ணாடியிலேயே சுமார்தான்.

அடுத்தவர் பானைக்குள் எதற்குத் தலையை விட்டாய் என்பாய். எல்லாம் உன் தங்கச்சி கல்யாணக் காரியம்தான்.

ஹோட்டல் நாறும்பூநாதன் மகன் சிவசைலத்துக்குக் கேட்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். உலகம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லாததே பெரிய சம்மதம். ஆவணியில் நிச்சயம் வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்த ஹோட்டல் மேல்தான் சந்தேகம்.

அந்தக் கட்டடத்தின் பூர்வோத்திரம் உனக்கு முழுசாகத் தெரியாது. முதலில் அது வண்டிப்பேட்டை. எழுபத்தொன்றில் சர்க்கார் அனுமதித்ததும் நாறும்பூநாதன் அங்கே கள்ளுக்கடை வைத்தார். இரண்டு மூன்று வருஷத்தில் மூடச் சொன்னார்கள், மூடினார். ஆறு மாசத்தில் சாப்பாட்டு ஹோட்டல் ஆகிவிட்டது. அதே பெஞ்சு, அதே மேசை, வாழையிலை மட்டும் புதுசு. போர்டில் வெள்ளையடித்து மேலே புதுப்பெயர் எழுதினார். சாரலில் நனைந்தால் பழைய எழுத்து அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். நனைந்த போர்டு பொய் சொல்லாது என்பது என் கட்சி.

அங்கே சிலபேர் சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டுக்குக் கைகழுவப் போகிறார்கள். அரைமணி நேரம் கழுவுகிறார்கள். திரும்பி வரும்போது வாயில் கிராம்பு. இவ்வளவு சுத்தமான ஆட்களை நம் ஊரில் நான் கண்டதில்லை.

அதனால் நேற்றுக் காலை, கடையத்துப் பனையேறி சைக்கிளில் பானை கொண்டுவந்து இறக்கிப் போன பிறகு, பின்பக்கமாக நுழைந்தேன். பதநீர் என்றுதான் வெளியே சொல்கிறார்கள். பதநீர்ப் பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவாவிட்டால் மரத்தை விட்டு இறங்கும்போதே அது கள். குனிந்து பார்த்தேன். மூன்று பானை, ஒன்றில்கூடச் சுண்ணாம்பு இல்லை. மோந்து பார்க்க இன்னும் குனிந்தேன். கண்ணாடி உள்ளே போய்விட்டது.

முதுகுக்குப் பின்னால் நாறும்பூநாதன். "என்ன அண்ணாச்சி, பானைக்குள்ளயா மாப்பிள்ளையத் தேடுதிய?" என்றார்.

மானம் போனது போனதுதான் என்று கேட்டே விட்டேன், இது என்னய்யா என்று. "ஆப்ப மாவு புளிக்கணும்லா. சீசனுக்கு வார மலையாளத்து ஆளுவ கள்ளாப்பம் திங்காம எந்திரிக்க மாட்டேங்காவ" என்றார். உட்காரவைத்து நாலு ஆப்பமும் போட்டார். பூப்போல இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் மாவுக்கு ஒரு செம்பு போதும். மூன்று பானைக்கு மாவு அரைத்தால் செங்கோட்டை வரைக்கும் ஆப்பம் விற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "மோந்து பாத்தே கள்ளுன்னு கண்டுட்டியளாக்கும்? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிய?" என்கிறாள். எட்டாம் வகுப்பில் என்றேன்.

நாளைக்கு அந்தப் பின்கட்டில் ரெய்டு வந்தால், மச்சினன் போலீஸ்காரன் என்று உன் பெயரும் சேர்ந்து நாறும். உன் தங்கச்சி தலைகுனிந்து நிற்பாள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

எழுபத்துமூன்றில் நான் ஐந்தருவியில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேனே, நீகூட லீவில் வந்து சிரித்தாயே. நான் அன்றைக்கு அருவிப் பக்கமே போகவில்லை. விழுந்தது அந்தக் கள்ளுக்கடைப் பின்படியில், பட்டப்பகலில். தூக்கி உட்காரவைத்தது சிவசைலம். கிணற்றில் இரண்டு வாளி இறைத்து என் தலையில் ஊற்றி, அருவியில் குளித்தவனைப் போலவே ஆக்கி, கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். உன் அம்மாவிடம், "அருவியில வழுக்கிட்டாவ" என்று கண் இமைக்காமல் சொன்னான். அதற்குப் பிறகு நேற்றுவரை நான் அந்தப் படி ஏறவில்லை.

ஆறு வருஷமாக யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. பெண் பார்க்க வந்த அன்று உன் அம்மா அந்த அருவிக் கதையை எடுத்துவிட்டாள். எல்லாரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான், நான் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அழகாக மறைக்கத் தெரிந்தவன் நாளைக்கு என் மகளிடம் எதையெல்லாம் மறைப்பானோ என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம், இவனை விட்டால் வேறு யார் என்று தோன்றுகிறது.

நீ நாலு நாள் லீவு சொல்லி வா. கல்யாணம் வேண்டுமானால் பின்கட்டைப் பூட்டு என்று அந்த வீட்டில் போய் யாராவது சொல்ல வேண்டும். எனக்கு அந்த வாய் கிடையாது. பதிலில் இதை எழுதிவிடாதே. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது உலகம்மாள்.

கண்ணாடியைப் பானையிலிருந்து எடுத்துக் கழுவி, சட்டை நுனியில் துடைத்துத் தந்ததும் சிவசைலம்தான். "முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். மாப்ளே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

உன் ஆயுசுக்கும் உத்தியோகத்துக்கும் குறை வராமல் இருக்க ஆசி கூறும்,
அப்பா குற்றாலிங்கம்