அம்மா படித்த இங்கிலீஷ்

தென்காசி,
புதன்கிழமை.

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அப்பா பிச்சைமணி எழுதுவது. கடல் தாண்டி இருக்கும் உனக்கு உடம்புக்கு ஒரு குறையும் வராமல் பண்பொழித் திருமலை முருகன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அதை எழுத மனசு வரவில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஆறு மாசத்துக்கு யாரும் என்னிடம் தமிழில் பேசக் கூடாது, மெசேஜ் கூட இங்கிலீஷில்தான் போட வேண்டும், அப்போதுதான் எனக்கு வார்த்தை கூடும் என்று நீ சொல்லிவிட்டாய். பத்தாவதோடு நின்ற எனக்கு, இப்போது சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லையம்மா. கிருபா வீட்டுக்காரன் சாம் சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சாம் லீவில் வந்தவன் போன வாரம் குற்றாலத்தில் நம் பழக்கடைக்கு வந்தான். நல்ல சாரல், அருவியில் தண்ணீரும் குறையாமல் விழுகிறது, கடையில் கூட்டம். மங்குஸ்தான் வாங்க நின்றவனிடம், கிருபாவும் நம்ம செல்வியும் ஒரே வார்டில்தானே நர்ஸு, செல்வி எப்படி இருக்கிறாள் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவன் முகம் மாறிப்போனது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துப் பேச ஆரம்பித்தவன், தெரியாது என்று கண்டதும் பாதியில் நிறுத்தினான். நான் விடவில்லை. நீ எங்களிடம் தமிழை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், வார்டில் ஒரு வயசானவர் ஒரு நாள் காலையில் உன்னிடம் தனக்கு ஃபன்னி டர்ன் வந்தது என்று சொன்னாராம். ஃபன்னி என்றால் வேடிக்கை என்றுதானே நாமெல்லாம் படித்தது, அவர் ஏதோ தமாஷாகச் சொல்கிறார் என்று நீயும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாய். திடீரென்று கிறக்கம் வருவதை அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். கொஞ்ச நேரத்தில் பாத்ரூமுக்கு எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. “ஆபரேஷன் பண்ணி அவரு நடக்க ஆரம்பிச்சிட்டாரு மாமா, செல்வி வேலைக்கும் ஒண்ணும் வராதுன்னுதான் கிருபா சொல்லுதா, ஆனா செல்விதான் பழைய செல்வியா இல்ல, யார்ட்டயும் பேச மாட்டுக்கா, ரூம் சுவரு பூரா வார்த்தையா எழுதி ஒட்டி வச்சிருக்கா” என்று சொன்னான். தராசில் யாருக்கோ நிறுத்த பழம் அப்படியே இருந்தது, எனக்கு அன்றைக்கு வியாபாரமே ஓடவில்லை. இத்தனை நாளும் இதை ஒற்றையாக நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்களிடம் குட் மார்னிங் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாயே.

நீ படிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாம் சொன்ன இன்னொன்று என்னை உறுத்துகிறது. நீ சுவரில் ஒட்டியிருக்கும் வார்த்தைகள் பலதை அந்த ஊர்க்காரர்களே வாயில் எடுப்பதில்லையாம். உன்னைத் தடுக்கிவிட்டது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வார்த்தைதானே. போன புதிதில் நீ ஏதோ ஒன்றுக்கு அர்த்தம் கேட்டபோது கூட வேலை பார்த்த ஒருத்தி எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டாளாம், அதிலிருந்து நீ யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று கிருபாவுக்கு வருத்தம். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, நான் நினைப்பது தப்பாகவும் இருக்கும். ஆனாலும், கேட்க வெட்கப்பட்டு எத்தனை புத்தகம் படித்தாலும் அந்தப் பெரியவர் சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கப் போகிறது என்றுதான் தோன்றுகிறது.

இனி எழுதப் போவதுதான் அம்மா எழுத வேண்டாம் என்று சொன்னது. நீ தமிழை நிறுத்தியதிலிருந்து அவள் பக்கத்து வீட்டு சைதூன் பீவி டீச்சரிடம் இங்கிலீஷ் கேட்டுப் படிக்கிறாள். அடுப்படியில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஹெட் ரவுண்ட், ஹெட் ரவுண்ட் என்று சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா. தலை சுற்றுவதை அப்படிச் சொல்லக் கூடாது, டிஸ்ஸி என்று சொல்லணும் என்று நீ திருத்தி, அவளை மூன்று நான்கு தரம் சொல்ல வைத்தாய். அவளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொன்னாள். யாருக்குச் சுற்றுகிறது என்று நீ கேட்கவில்லை. போனை வைத்ததும், “நான் சொன்னது அவளுக்கு வெளங்கிருக்குமாங்க” என்று என்னிடம் கேட்டாள். அப்புறம் பத்து நாளில் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள் குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே கிறங்கி விழுந்துவிட்டாள். தூக்குச்சட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கையில் தையல் போட்டிருக்கிறது, பிரஷர் ரொம்பக் கூடியிருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று தென்காசி டாக்டர் சொல்லிவிட்டார். கைக்கட்டோடு உட்கார்ந்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஐ ஆம் வெரி வெல் என்று சொன்னாள். வீடியோவில் கை தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்ம்மா, உச்சரிப்பு நன்றாக வருது என்று நீ இங்கிலீஷில் பாராட்டினாய். ஏன் மறைக்கிறாய் என்று நான் சத்தம் போட்டதற்கு, “மறைக்கலங்க, எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியுது, பிள்ளை படிக்கிற நேரம், தமிழ்ல பேசினா அவளுக்குக் கெட்டுப்போவும்லா” என்கிறாள்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை செல்வி. ஒரு வார்த்தையில் தடுக்கிய பயத்தில் நீ ஓடுகிற ஓட்டம் இது என்று எனக்குப் புரிகிறது. வருகிற திங்கட்கிழமை காலையில் அம்மாவைத் திருநெல்வேலிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போகிறேன். அந்த மிஷினுக்குள் தனியாகப் படுக்க அவளுக்குப் பயம், வெளியே சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாம் உன்னிடம் இதைக் கொடுத்ததும் நேரம் பார்க்காமல் போன் போடு. என்னம்மா செய்யுது உனக்கு என்று தமிழில் கேள். அவள் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவாள். நீ நர்ஸு, பெற்ற பிள்ளை, அதை அப்படியே விட்டுவிடாமல் திரும்பவும் கேள். அவள் சொல்லச் சொல்ல நீ அழுதாலும் பரவாயில்லை, உன் பக்கத்துக் கதையையும் அவளிடம் சொல்லிவிடு. இரண்டு பேரும் பேசட்டும், நான் கொஞ்சம் வெளியே போய் இருந்துகொள்கிறேன்.

எங்கள் ஆயுசையும் சேர்த்து முருகன் உனக்குக் கொடுக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, கிருபாவோடு முகம் கொடுத்துப் பேசு. சாமிடம் எள்ளுப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன், கட்டுப்போட்ட கையோடு அம்மா போட்டது.

உன் அப்பா,
பிச்சைமணி.