பனியன் துணிக்கு அளவு எதற்கு

கேட்டைத் திறக்கும் முன்னாலேயே குரல் கொடுக்கிற என் வசந்தாவுக்கு,

மௌலா அலியில் வெயில் உச்சத்துக்கு வந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கே மலைப்பாறை சூடேறி, அந்தக் காற்று நேரே நம் தெருவுக்குள் வருகிறது. நீ இருந்திருந்தால் இந்நேரம், "அக்கா, துணி ஊறப் போட்டாச்சா?" என்று வாசலிலிருந்தே கேட்டிருப்பாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் அந்த நேரத்துக்கு நான் கேட்டைப் பார்க்கிறேன். பால்காரன் வந்தாலும் பார்க்கிறேன், பூனை குதித்தாலும் பார்க்கிறேன்.

உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் ஒன்று நடந்தது. அதை வேறு யாரிடம் சொல்வது? அண்ணனை நானும் தம்பியை நீயும் கட்டிக்கொண்டு, இருபத்தாறு வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். ஓரகத்திகள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். நமக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. தைக்கவே சரியாக இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு வெயிலில், ஜெனரல் பஜாரிலிருந்து ஒரு பை நிறையப் பனியன் துணியோடு வந்தாய். திருப்பூர் சரக்கு, கிலோவில் நிறுத்துக் கொடுத்தார்கள் என்றாய். நான் தொட்டுப் பார்த்துவிட்டு, இது உள்ளே போடுகிற துணியாயிற்றே, இதில் யாருக்கு என்ன தைப்பது என்று கேட்டேன். நமக்குத்தான் என்றாய். புடவை, பாவாடை நாடா, கொக்கி வைத்த ஜாக்கெட் என்று இத்தனையையும் சுற்றிக்கொண்டு இந்த ஊர் வெயிலில் அடுப்படியில் நிற்க இனி முடியாது, இழுத்த இழுப்புக்கு வருகிற துணியில் டாப்பும் பேன்ட்டும் வேண்டும் என்றாய். ஐம்பத்து நாலு வயதில் எனக்குப் பேன்ட்டா என்று நான் சண்டைக்கே வந்தேன்.

முதலில் தைத்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஜாக்கெட் தைக்கிற ஊசியிலேயே தைத்தேன். இரண்டு தையலுக்கு ஒன்று விட்டுப்போனது. கழுத்துப் பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்ததில், அது பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. நீ மட்டும் என்ன, பேன்ட்டைத் திசை பார்க்காமல் வெட்டிவிட்டாய். துணி நீளவாட்டில் இழுபட்டதே தவிர இடுப்பைச் சுற்றி அசையவே இல்லை. உட்கார முடியாமல் நின்றுகொண்டே டீ குடித்தாய். உன் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம்தான் முனை மழுங்கின ஊசி வாங்கினோம். துணியை இழுக்காமல் மெஷின் போகிற போக்கில் விடக் கற்றுக்கொண்டேன். வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, ஒரு நாள் அப்படியே பரப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும் என்று நீ எங்கேயோ கேட்டு வந்து சொன்னாய். வெட்டுவது நீ, தைப்பது நான். விரலில் ஊசி இறங்கிய நாளிலிருந்து நீ மெஷினில் உட்காருவதே இல்லை.

சாம்பல், கடுகு மஞ்சள், மசி நீலம், அப்புறம் இந்த மூன்று நிறமும் கோடு கோடாக ஓடுகிற ஒரு துணி. எந்த டாப்பை எடுத்தாலும் எந்தப் பேன்ட்டோடும் சேர வேண்டும், யோசிக்காமல் பீரோவில் கையை விட்டு எடுத்து மாட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது உன் சட்டம். இரண்டு பேரும் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் காய்கறி வாங்கப் போனபோது, தள்ளுவண்டிக்காரர் எந்த ஸ்கூலில் டீச்சர் என்று கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு ஸ்கூல் பெயரைச் சொல்லிவிட்டாய். அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த மனுஷர் தன் பேரனுக்கு அட்மிஷன் கேட்டார்.

முதல் வருஷம் நோட்டுப் போட்டு இரண்டு பேருக்கும் அளவு எடுத்தேன். அடுத்த வருஷம் டேப்பைக் கையில் எடுத்ததும் நீ தடுத்தாய்.

"பனியன் துணிக்கு அளவு எதுக்குக்கா? நாம எப்படி இருக்கோமோ, அது கூடவே வரும்."

நியாயமாகத்தான் பட்டது. முதல் வருஷம் அளவுக்கு நறுக்கிய பேப்பரையே வைத்து வெட்டினோம். ஆனால் வசந்தா, அதற்கு முன்னால் உன் உடம்பு எனக்கு மனப்பாடம். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று ஜாக்கெட் தைப்பேன். அளவு ஜாக்கெட்டை விரித்துப் போட்டால் அரை இன்ச் கூடியது குறைந்தது எல்லாம் என் கண்ணில் பட்டுவிடும். திவ்யா வயிற்றில் இருக்கிறாள் என்பதை உன் வீட்டுக்காரருக்கு முன்னால் கண்டுபிடித்தவள் நான். அந்த நான் அளவெடுப்பதை விட்டேன். சௌகரியமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஜனவரியில் என் வீட்டுக்காரர் போனார். ஏப்ரல் வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத்தான் தெரியும். மகன் புனேவுக்குத் திரும்பிவிட்டான். வந்தவர்கள் எல்லாம் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். நீ தைரியம் எதுவும் சொல்லவில்லை. துணிப்பையைக் கட்டிலில் கொட்டினாய். "நக்கோ அக்கா, வேண்டாம், இந்த வெளுத்த புடவையெல்லாம் நக்கோ. மூணு டாப்பு, மூணு பேன்ட். நான் வெட்டறேன், நீங்க தைங்க" என்றாய். கடுகு மஞ்சளை என் தோளில் வைத்துப் பார்த்தாய். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் அன்றைக்கே மெஷினில் உட்கார்ந்தேன்.

அந்த அவசரத்தில் துணியை ஊறவைக்கவில்லை. ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்தது, ஒரு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை. முதல் துவைப்பிலேயே எல்லாம் சுருங்கிப்போயின. என் டாப் உடம்பைக் கவ்விப் பிடித்தது, பேன்ட் தொடையில் ஏற மறுத்தது. உன்னுடையது கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது, அவ்வளவுதான். மற்றபடி அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஒரே துணி, ஒரே தப்பு, உனக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது என்று கேட்டேன். கேட்டதோடு விட்டேனா? உனக்கென்ன, கொடுத்து வைத்தவள், கல்யாணப் பொண்ணு மாதிரி ஆகிக்கொண்டு வருகிறாய் என்று வெடுக்கென்று சொன்னேன். பொறாமைதான், வேறென்ன. "ஹவ் அக்கா, ஆமா, வாக்கிங் போறேன்ல" என்று சிரித்தாய். நானும் உன்னோடு நடக்க வருகிறேன் என்று சொன்னேன். வரவில்லை.

ஆகஸ்டில் வயிற்றுவலி என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனோமே, அந்த டாக்டரம்மாவின் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. கொஞ்ச நாளாகத் துணியெல்லாம் தளர்ந்து போனதா என்று கேட்டார். நீ டாப்பை இடுப்புக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாய். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தைத்துக் கொடுப்பவள் நான்தானே? இல்லையே டாக்டர், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. நோய் முற்றிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அக்டோபரில் நீ போய்விட்டாய்.

உன் துணிகளைத் திவ்யா ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். மார்ச் வரைக்கும் அதைத் தொடவில்லை. வெயில் வந்ததும், உன் சாம்பல் பேன்ட்டை நான் போட்டுக்கொள்ளலாமா என்று ஆசை வந்தது. இடுப்பு பிடிக்குமே, எலாஸ்டிக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று மடிப்பைப் பிரித்தேன். உள்ளே எலாஸ்டிக்கை மூன்று இடத்தில் மடித்துக் கைத்தையல் போட்டிருந்தது. ஒன்று சாம்பல் நூல், ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. கோணல்மாணலான தையல். உன் கை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீலப் பேன்ட்டிலும் அதே மூன்று மடிப்பு. மஞ்சளிலும்.

மூன்று தடவை, வசந்தா. மூன்று தடவை உன் இடுப்பு குறைந்ததை நீ பார்த்திருக்கிறாய். எதிர் வீட்டில் தையல்காரியை வைத்துக்கொண்டு, மெஷினுக்குப் பயந்தவள், கையால் குத்திக் குத்தித் தைத்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று உனக்கு எப்படி மனசு வந்தது? நான் துக்கத்தில் இருக்கிறேன் என்று பார்த்தாயா? இல்லை, நான் கண்டுபிடிக்கிறேனா என்று காத்திருந்தாயா? இரண்டில் எது என்று தெரியாமல் இரண்டு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் கோபமான கோபம். அந்தக் கோபத்தில் சண்டை போடவும் எதிர் வீட்டில் நீ இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். திவ்யா வாரம் முழுக்க ஹாஸ்டலில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறாள், லீவு நாளில் அப்பாவுக்குச் சமைத்து வைக்க வருகிறாள். அன்றைக்கு மிச்சமிருந்த கோட்டுத்துணியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். தனக்கு ஒரு செட் தைத்துக் கொடுக்கச் சொன்னாள். அளவெல்லாம் வேண்டாம், அம்மாவின் பேப்பரை வைத்து வெட்டினாலே போதும் என்று பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னாள். என்னால் முடியாது என்றேன். "கைக்கு, பெரியம்மா?" என்று இந்த ஊர் உருதுவில் காரணம் கேட்டாள். அந்தச் சாம்பல் பேன்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பி அவள் மடியில் வைத்தேன். டாக்டர் கேட்டபோது நான் சொன்ன பதிலையும் சொன்னேன். உன் அம்மா எலும்பாகிக்கொண்டு இருந்தாள், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் மூன்று மடிப்பையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். உன் மகள் என்னோடு தமிழில் பேசி எத்தனை வருஷம் இருக்கும்? அன்றைக்குத் தமிழில்தான் பேசினாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும், பெரியம்மா. அம்மா தைக்கும்போது பார்த்தேன். நீங்க போட்ட எலாஸ்டிக் தளர்ந்து போச்சாம். சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், சொல்லாதேன்னு சொன்னாங்க. நான் நம்பிட்டேன். இந்த நீல நூல் நான்தான் கோத்துக் குடுத்தேன்."

ஏழு மாதமாக அந்தப் பெண் இதை மனசில் வைத்துக்கொண்டு வாராவாரம் இந்தத் தெருவுக்கு வந்து போயிருக்கிறாள். எதிர் வீட்டில் நான் என்னுடையதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டேன். என் எலாஸ்டிக் என்றைக்கடி தளர்ந்திருக்கிறது, உன் அம்மா புளுகியிருக்கிறாள் பார் என்றேன். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

அழுது முடித்ததும் நோட்டையும் டேப்பையும் எடுத்தேன். பேப்பரெல்லாம் கிடக்கட்டும், நில்லுடி என்று தோள், மார்பு, இடுப்பு, நீளம் என்று ஒன்று விடாமல் எடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள், கவலைப்படாதே. அளவைக் குறித்துவிட்டு நிமிர்ந்தால், அவள் என் கையிலிருந்து டேப்பை வாங்கிக்கொண்டாள். நீங்க எழுந்திருங்க என்றாள். எனக்கு எதற்கு என்று கேட்டேன். என் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். நோட்டைப் பின்னால் புரட்டி, நாலு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியதைப் பார்த்தாள். முப்பத்தாறு. டேப்பைத் திரும்ப ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"முப்பத்தொண்ணரை, பெரியம்மா."

சத்தியமாக எனக்குத் தெரியாது, வசந்தா. வெளியே போவதில்லை, நாள் முழுக்க நைட்டிதான். நைட்டி எப்போது தளர்ந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஒருத்திக்காக யார் குழம்பு வைப்பது, காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றி இரண்டு வேளைக்கும் ஓட்டுகிறேன், அதனால் இருக்கும். அவள் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவள் டேப்பில் அந்த முப்பத்தொண்ணரையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தெரியலைடி, ரெண்டு மாசமா சோறு இறங்கல, பயமா இருக்கு என்று சொன்னேன். பயம் என்ற வார்த்தையை என் வீட்டுக்காரர் போன பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறாள். அதே டாக்டரம்மாவிடம்தான் போகிறோம். தனியாகச் சாப்பிடுகிறவளின் மெலிவாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்போதைக்குத் திவ்யாவின் துணி வாளியில் ஊறுகிறது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். டாக்டர் எதைச் சொன்னாலும், அன்றைக்கே, அங்கேயே, திவ்யாவுக்குத் தெரிந்துவிடும். அவள் அழுவாள், லீவு போடுவாள், அலைவாள். அலையட்டும். நீ என்மேல் வைத்த இரக்கத்தை நான் உன் மகள்மேல் வைக்க மாட்டேன்.

எதிர் வீட்டிலிருந்து,
உன் ஓரகத்தி
ராஜி அக்கா