வாசல் நிலையில் ஒரு வெள்ளிக் கூடு

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்றும் அத்தை வந்தார். என் கணவன் நிசிமின் அம்மா வருகிறார் என்றால் அஷ்தோத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். குரல் முன்னால் வரும், ஆள் பின்னால். எல்லா யூத வீட்டையும் போல வாசல் நிலையில் மாட்டியிருக்கும் மெசுசாவை, வேத வசனச் சுருள் வைக்கும் அந்த வெள்ளிக் கூட்டைத் தொட்டு, விரலை முத்தமிட்டு, அங்கேயே நின்றுகொண்டார்.

"இதைக் கழட்டி வேதம் எழுதறவர்கிட்ட காட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உள்ள இருக்கிற தோல்சுருள்ல ஒரு எழுத்து உதிர்ந்தாலும் வீட்டுக்குக் காவல் இல்ல. பிள்ளை தங்கலைன்னா சும்மாவா?"

ஆகஸ்டில், கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில், என் குழந்தை போனது. காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். அத்தைக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவர் பேசுவது கதவைப் பற்றி. படுவது என் வயிற்றில். பாத்திரத்தை டமால் என்று வைத்தேன். நிசிம் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அத்தையிடமிருந்து மூன்று முறை போன். நான் எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

நிசிமிடம் கெஞ்சியே விட்டேன். "கொண்டுபோய்க் காட்டித் தொலையேன். நல்லா இருக்குன்னு அவர் சொல்லிட்டா உங்கம்மா வாய மூடுவாங்க." "அப்புறம் பார்க்கலாம்." எதைக் கேட்டாலும் அப்புறம்! அவனுக்கென்ன, பேச்சு வாங்குவது நான்தானே.

பிப்ரவரி 11, ஞாயிறு

பள்ளி வேலையிலிருந்து சீக்கிரம் வந்து நானே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினேன். சந்தைக்குப் பின்னால், வேதம் எழுதும் பென்ஹாமுவின் சின்ன அறை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டைத் திறந்தார். கவிழ்த்தார். தட்டினார்.

"ஏம்மா, இதுல சுருளே இல்லையே. வெறும் கூடு. கடையில கூடு தனி, சுருள் தனி."

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வெள்ளிக் கூடு என் அப்பா கொடுத்தது. சுருள் வாங்கி உள்ளே வைப்பது நிசிமின் பொறுப்பு. மாட்டியதும் அவன்தான். இரண்டு வருஷமாக ஊரே வந்து காலிக் கூட்டை முத்தமிட்டிருக்கிறது!

எழுதவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது குஷி. "உங்க பிள்ளை செஞ்ச வேலையைப் பாருங்க அத்தை." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

காலிக் கூட்டை நிசிம் முன்னால் வைத்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"புது வீட்டு விருந்தன்னிக்கு நான் போறதுக்குள்ள கடை மூடிட்டாங்க. ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க. வெறும் கூட்டு மேல ஆண்டவர் பேரை வீணாச் சொல்லி ஆசி சொன்னேன், ஓர்லி. மறுநாள் வாங்கலாம்னு நினைச்சேன். அப்புறம் கழட்டினா அம்மா ஏன்னு கேப்பாங்களேன்னு... ஆகஸ்ட்ல இருந்து தூக்கமே இல்ல. என்னாலதான் போச்சு."

ஆறு மாசமா நான் பேச்சு வாங்கறதப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தவன்! அடிக்கணும்போல இருந்துச்சு. அடிக்கல. "மடையா, ஒரு சுருள் இல்லாததுக்கெல்லாம் எந்தப் பிள்ளையும் சாகாது" என்றேன். எனக்கு யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். கடைசியில் நான்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நியாயமா இது?

பிப்ரவரி 14, புதன்

பென்ஹாமுவிடமே சுருள் வாங்கி மாட்டினோம். ஆசியை அவன் பாதியில் நிறுத்திவிட்டான். நான் சொல்லி முடித்தேன்.

பிறகு அவனே அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான்.

பிப்ரவரி 16, வெள்ளி

அத்தை தனியாக வந்தார், மீன் குழம்புப் பாத்திரத்தோடு. நான் சண்டைக்குத் தயாராகவே இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துத்தான் பேசினார்.

"நிசிமுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு போச்சு. ஏழாம் மாசம். என் மாமியார் மெசுசாவைக் கழட்டிக் கொண்டுபோய்க் காட்டினாங்க. ஒரு குறையும் இல்லன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க." பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார். "அதான், உன்னையும் யாரும் அப்படிப் பார்க்கக் கூடாதுன்னு, இங்கயாவது அதுல ஏதாவது குறை இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்."

இதை ஆகஸ்டிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்த வந்தது. கோபம் இன்னும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, "உட்காருங்க அத்தை" என்றேன். உட்கார்ந்தார். அந்தக் குழந்தை பெண்ணா, பையனா என்று கேட்டேன்.

"பொண்ணு" என்றார்.